பாணி கீழே, பவர் பேங்க் மேலே: எங்கள் ஊர் எயார்போர்ட் வேன்

போன மாதம் தம்பி வேலைக்கு டுபாய் போனான். தலவாக்கலையிலிருந்து கட்டுநாயக்க எயார்போர்ட் வரை போக ஒரு வேன் பேசினோம். அதைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டார்கள், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் இப்போது வீட்டுக்கு ஒருவர் வெளிநாடு கிளம்பிக்கொண்டிருக்கிறார், விசா வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "எந்த வேன்?" என்பதுதான். வேனின் பெயரையும் ஓட்டுகிற அண்ணனின் பெயரையும் இங்கே போடவில்லை. நல்லதும் சொல்லப்போகிறேன், குறையும் சொல்லப்போகிறேன், பெயரைப் போட்டுவிட்டு நாளைக்கு டவுனில் அவர் முகத்தில் எப்படி முழிப்பது? பஸ் ஸ்டாண்டில் "எயார்போர்ட் வேன்" என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள்.

முதலில் வேனைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பழைய வண்டி. பின் சீட்டில் ஒரு ஸ்பிரிங் எழும்பி நிற்கிறது, அது யாருக்குக் கிடைக்கும் என்பது அவரவர் ராசி. ஏசி இருக்கிறது, ஆனால் போடமாட்டார். "அவிசாவளை தாண்டினதும் போடுறேன் தங்கச்சி" என்றார், அவிசாவளை தாண்டியதும் கண்ணாடியைத் திறந்துவிட்டார். பாட்டு விடிய விடிய ஓடும், சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் "நான் தூங்கிட்டா பரவாயில்லையா?" என்று கேட்பார், அதற்கு மேல் யார் என்ன பேச முடியும். முழு வேனுக்கு 28,000 ரூபா, அதிவேகப் பாதைக் கட்டணம் அதற்குள்ளேயே. வேறு இரண்டு இடத்தில் விசாரித்ததற்கு இது குறைவு.

ஆனால் அந்தக் காசு வண்டிக்கு இல்லை. புறப்படும் நாளுக்கு முதல் நாள் சாயந்தரம் அவர் வீட்டுக்கு வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்து, பிளேன்டி குடித்தபடி, "பையைத் திறங்க பாப்போம்" என்கிறாரே, காசு அதற்குத்தான். அப்படி ஒரு வேலையை வேறு எந்த வேன்காரரும் செய்து நான் பார்த்ததில்லை. அம்மா மூன்று நாளாக அடுக்கிய பெட்டியை ஐந்து நிமிடத்தில் கலைத்துப் போட்டார். அம்மாவுக்குக் கோபம்தான். ஆனால் தம்பியின் பெரிய பெட்டியின் அடியில், துணிக்கு நடுவில், பவர் பேங்க் இருந்தது. கைப்பையில், ரொட்டிப் பார்சலுக்குப் பக்கத்தில், ஒரு முழுப் போத்தல் கித்துள் பாணி, அதாவது கித்துள் மரத்திலிருந்து எடுக்கும் இனிப்புப் பாகு. அண்ணன் இரண்டையும் இரண்டு கையில் எடுத்து இடம் மாற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "பாணி கீழே, பவர் பேங்க் மேலே. இதை மட்டும் மனப்பாடம் பண்ணு, மத்ததெல்லாம் தானா வரும்."

கீழே என்றால் விமானத்தின் வயிற்றில் போகும் பெட்டி, மேலே என்றால் நம்மோடு வரும் கைப்பை. நம் ஆட்கள் பத்துக்கு எட்டுப் பேர் இதை நேர்மாறாகத்தான் செய்கிறார்கள் என்பது அவருடைய கணக்கு. ஊர் வழக்கப்படி உடையக்கூடியது கையில், விலை கூடினது பெட்டிக்குள் பத்திரமாக, அந்த யோசனைதான் காலை வாருகிறது.

பவர் பேங்க் கதை எனக்கும் அன்றுதான் சரியாகப் புரிந்தது. அதற்குள் இருப்பது லித்தியம் பேட்டரி, உள்ளே கோளாறு வந்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், லேசில் அணையாது. ஆட்கள் இருக்கும் இடத்தில் புகைந்தால் யாராவது பார்த்துத் தண்ணீரையாவது ஊற்றுவார்கள், கீழே பெட்டிகளுக்கு நடுவே பற்றினால் யார் போய்ப் பார்ப்பது? 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் புசான் நகரத்தில் எயார் புசான் விமானம் ஒன்று கிளம்புவதற்கு முன்பே தரையில் தீப்பிடித்து மேல்கூரை எரிந்து போனது, தலைக்கு மேலே சாமான் வைக்கும் தட்டில் இருந்த ஒரு பவர் பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். அதற்குப் பிறகு விமானக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கயிற்றை இறுக்கின. எமிரேட்ஸில் 2025 அக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்றுதான், 100 வாட் அவருக்குக் கீழே இருக்க வேண்டும், பறக்கும்போது அதில் போனை சார்ஜ் போடக் கூடாது, மேல் தட்டில் வைக்கவும் கூடாது. வாட் அவர் என்றால் என்ன என்று தம்பி முழித்தான். பேட்டரியில் போட்டிருக்கும் மில்லியாம்ப் அவர் எண்ணை 3.7 ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வரும். 20,000 என்றால் 74, பயமில்லை. தம்பியுடையது 30,000, கணக்குப் போட்டால் 111. அண்ணன் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு "இது வீட்டுக்கு" என்று என் கையில் கொடுத்தார். இதை எழுதும்போது என் போன் அதில்தான் சார்ஜாகிக்கொண்டிருக்கிறது.

பாணிக்கு வருவோம். 2006 ஆகஸ்டில் பிரிட்டனில் சிலரைப் பிடித்தார்கள், குளிர்பானப் போத்தலுக்குள் திரவ வெடிமருந்தை ஊற்றிக்கொண்டு அட்லாண்டிக் கடலைத் தாண்டும் விமானங்களில் ஏறுவது அவர்கள் திட்டம். அதைத் தொடர்ந்துதான் கைப்பையில் எந்தத் திரவமும் 100 மில்லிலீட்டருக்கு மேல் கூடாது என்ற சட்டம். பழைய எக்ஸ்ரே மெஷின் தட்டையான ஒரு படத்தைத்தான் காட்டும், உணவு, துணி, வெடிமருந்து மாதிரியானதெல்லாம் ஆரஞ்சு நிறத்தில், இரும்பு மாதிரியானது நீலத்தில். போத்தலுக்குள் இருப்பது கித்துள் பாணியா வேறு ஏதாவதா என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆகவே பாணியும் ஒன்று, தேனும் ஒன்று, அம்மா நெற்றியில் தடவும் தைலமும் ஒன்று. இப்போது ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுப்பதுபோல பையைச் சுற்றிச் சுற்றிப் படமெடுக்கும் மெஷின்கள் வந்திருக்கின்றன. எடின்பரோவிலும் பேர்மிங்ஹாமிலும் 2025 இல் இரண்டு லீட்டர் வரை விட ஆரம்பித்துவிட்டார்கள். அதைக் கேட்டுவிட்டு இங்கே யாரும் போத்தலோடு கிளம்ப வேண்டாம், ஒரு எயார்போர்ட்டில் விட்டார்கள் என்பதற்காக அடுத்ததில் விடமாட்டார்கள், டுபாயில் இறங்கி வேறு விமானம் மாறுகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

இவ்வளவு தெரிந்த மனுஷனுக்கு சப்பாத்து விஷயத்தில் மட்டும் பழைய பஞ்சாங்கம். 2001 டிசம்பரில் பாரிஸிலிருந்து மயாமிக்குப் போன விமானத்தில் ஒருவன் சப்பாத்துக்குள் வெடிமருந்தை வைத்து நெருப்பு மூட்டப் பார்த்தான், சக பயணிகள் அமுக்கிப் பிடித்தார்கள். அமெரிக்காவில் 2006 முதல் எல்லோரும் சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்று ஆக்கினார்கள், 2025 ஜூலையில் அதையும் எடுத்துவிட்டார்கள். எங்கள் அண்ணன் அந்த 2006 இலேயே நிற்கிறார். புதுச் சப்பாத்தைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு ரப்பர் செருப்போடு வரச் சொல்லித் தம்பியைப் படுத்திய பாடு! கடைசியில் நான் சண்டை போட்டுத்தான் சப்பாத்தோடு வேனில் ஏற்றினேன். சில இடத்தில் கழற்றச் சொல்வார்கள், சில இடத்தில் சொல்லமாட்டார்கள், சொன்னால் கழற்றிவிட்டுப் போகிறான், அதற்காகக் குளிரில் வெறும் செருப்பா?

இரவு பத்து மணிக்குப் புறப்பட்டோம். ஹட்டன், கினிகத்தேனை, கித்துள்கல, அவிசாவளை, அப்புறம் கடுவலையில் அதிவேகப் பாதையில் ஏறினால் கட்டுநாயக்க வரை நேராக. கித்துள்கல தாண்டி ஒரு ஹோட்டலில் நிறுத்துவார், அங்கே மட்டும்தான் நிறுத்துவார், அங்கே அவருக்குச் சாப்பாடு இலவசம் என்பது என் ஊகம். பராட்டா ரப்பர். வீட்டிலிருந்து ரொட்டி கட்டிக்கொண்டு போங்கள்.

அம்மா முன் சீட்டில். 1993 இல் குவைத்துக்குப் போனவர். இப்படி ஒரு சாலையில் இப்படி ஓர் இரவில்தான். அண்ணனுக்கும் அம்மாவுக்கும் பேச்சு அங்கேதான் தொடங்கியது, நான் பின்னால் ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தேன்.

அன்று அப்பா வழியனுப்ப வேனில் ஏறினார். அம்மாவிடம் பாஸ்போர்ட் இருந்தது. அப்பாவிடம் அடையாள அட்டை இல்லை, தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜாவுரிமைப் பிரச்சினை தீராத காலம், தோட்டத்துத் தொரையிடம் வாங்கிய ஒரு கடிதம்தான் கையில். போர்க்காலம், வழியில் மூன்று செக்பொயின்ட். ஒவ்வொன்றிலும் எல்லோரும் இறங்கி வரிசையில் நின்று, பெயர் சொல்லி, ஊர் சொல்லி, எதற்குப் போகிறோம் என்று சொல்லி, மறுபடி ஏற வேண்டும். மூன்றாவதில் அந்தக் கடிதம் செல்லாது என்று அப்பாவை நிறுத்திவிட்டார்கள். வேன் காத்துக்கொண்டு நிற்க முடியாது, ஃப்ளைட் போய்விடும். அம்மா ஏஜென்சி ஆளோடு போய்விட்டார். அப்பா விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்து பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். இரண்டு வருடம் கழித்துத்தான் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு அட்டை கிடைத்தது 2003 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்த பிறகு. "அன்னைக்கு எயார்போர்ட்டுக்குள்ள இருந்த மெஷின் எனக்கு ஞாபகமே இல்ல தம்பி, ரோடுதான் ஞாபகம்" என்றார் அம்மா.

அண்ணன் கொஞ்ச நேரம் பாட்டை நிறுத்திவிட்டு ஓட்டினார். (அந்த இரவில் பாட்டு நின்றது அந்தப் பத்து நிமிடம்தான்.)

எங்கள் அம்மாயிக்கு இதையெல்லாம்விடப் பழைய கணக்கு ஒன்று உண்டு. அவருடைய அம்மா கப்பலேறுவதற்கு முன்னால் இந்தியக் கரையில், தோட்டத்துக்கு வரும் ஆட்களைச் சோதிக்கும் மண்டபம் கேம்பில் நாள்கணக்கில் வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து, மருந்தடித்து, அப்புறம்தான் இந்தப் பக்கம் விட்டார்களாம். சோதித்து அனுப்புவது எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் தன் வழக்கமான கதைகளை எடுத்தார். கேட்காமலே சொல்வார், தூக்கம் வராமல் இருக்க அவருக்கு இதுவும் ஒரு வழி. முதலில் செபால ஏக்கநாயக்க. 1982 ஜூன் 30 அன்று அலிட்டாலியா ஜம்போ ஒன்றைக் கடத்தி பாங்கொக்கில் நிறுத்திவைத்து, பிரிந்திருக்கும் இத்தாலிய மனைவியும் மகனும் வேண்டும், மூன்று லட்சம் டொலரும் வேண்டும் என்று கேட்டவர். கேட்டது கிடைத்தது. குடும்பத்தோடு நாட்டுக்கு வந்து இறங்கியபோது சனம் வீரனைப்போல வரவேற்றது. விமானக் கடத்தலைத் தண்டிக்க அப்போது இங்கே சட்டமே இல்லை, அவசரமாகப் பாராளுமன்றத்தில் கொண்டுவந்துதான் அவரை உள்ளே போட்டார்கள். அந்தக் காலத்து ஆட்களுக்கு விமானக் கடத்தல் என்றால் இப்படிக் காசு கேட்பதும் வேறு நாட்டுக்குத் திருப்பச் சொல்வதும்தான், அமெரிக்காவில்கூட எல்லாப் பயணிகளையும் சோதிக்கத் தொடங்கியது 1973 ஜனவரியில்தான், அதற்கு முன்னால் பஸ் ஏறுவதுபோல ஏறியிருக்கிறார்கள்.

அப்புறம் அவர் சொன்னது மீனம்பாக்கம். இது நம்மில் நிறையப் பேருக்கு மறந்துவிட்டது. 1984 ஆகஸ்ட் 2 இரவு, சென்னையில், கொழும்புக்குப் போகும் எயார் லங்கா விமானத்துக்கென்று ஒரு பயணி பெட்டிகளைக் கொடுத்துவிட்டு, அவர் ஏறவில்லை. பெட்டிகளும் விமானத்தில் போகாமல் அங்கேயே தங்கிவிட்டன. அவை வெடித்து 33 பேர் செத்தார்கள். அடுத்த வருடம் ஜூன் 23 அன்று எயார் இந்தியா விமானம் அயர்லாந்துக்குப் பக்கத்தில் கடலில் விழுந்தது, 329 பேர், அங்கேயும் பெட்டி வந்தது, பெட்டிக்காரன் வரவில்லை. 1986 மே 3 அன்று கட்டுநாயக்கவிலேயே, மாலைதீவுக்குப் புறப்பட இருந்த எயார் லங்கா ட்ரைஸ்டார் தரையில் நிற்கும்போது குண்டு வெடித்து இரண்டாகப் பிளந்தது, 21 பேர். 1988 டிசம்பரில் ஸ்கொட்லாந்தின் லொக்கர்பிக்கு மேலே பறந்த விமானம், ரேடியோ கெசட்டுக்குள் வைத்த குண்டு, 270 பேர். ஆள் ஏறாவிட்டால் அவன் பெட்டியும் ஏறக் கூடாது என்ற விதி இறுகியது இப்படி ஆட்கள் செத்துச் செத்துத்தான். "கேட்டுல உன் பேரக் கூப்பிட்டுக் கத்துறாங்கன்னா அது பாசத்துல இல்ல" என்று தம்பியிடம் சொன்னார், "நீ வரலேன்னா கீழ இறங்கி ஒன் பெட்டியத் தேடி எடுக்கணும், அந்த ஆத்திரம்."

2001 ஜூலை 24 விடியற்காலையில் புலிகள் கட்டுநாயக்க எயார்போர்ட்டைத் தாக்கியபோது அவருக்கு அன்று காலையில் ஒரு ட்ரிப் இருந்ததாம், பாதி வழியில் திரும்பிவிட்டார். ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸின் மூன்று பெரிய விமானங்கள் அன்று அழிந்துபோயின. சரியாக ஏழு வாரத்தில் நியூயோர்க் இரட்டைக் கோபுரத் தாக்குதல். அதோடு உலகம் முழுக்க விமானியின் அறைக் கதவு பூட்டிய கதவாகிவிட்டது. போர் முடியும்வரை சில வருடங்கள் டெர்மினல் பக்கமே வேனை விடமாட்டார்களாம், வெளியே இறக்கிவிட்டால் ஆட்கள் வேறு பஸ் பிடித்து உள்ளே போக வேண்டும், வழியனுப்பவே முடியாது, எல்லா அழுகையும் வேனுக்குள்ளேயே முடிந்துவிடும். 2009 க்குப் பிறகு தளர்ந்தது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் அன்று, இரவு எயார்போர்ட் போகும் பாதையில் ஒரு குழாய்க் குண்டைக் கண்டுபிடித்துச் செயலிழக்கச் செய்தார்கள், மறுபடி இறுகியது, நான்கு மணி நேரத்துக்கு முன்பே வரச் சொன்னார்கள்.

இங்கேதான் என் பெரிய குறை. அண்ணன் அந்த நான்கு மணி நேரத்தை விடவே இல்லை, அதற்கு மேல் வழியில் மண்சரிவுக்கு ஒரு மணி, டயருக்கு ஒரு மணி என்று தன் கணக்கையும் சேர்த்துவிடுகிறார். காலை பத்து மணி ஃப்ளைட்டுக்கு மூன்றே கால் மணிக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டார். மண்சரிவும் இல்லை, டயரும் போகவில்லை. நுளம்புக்கடியில் நான்கு பேர், ஒரு பெட்டி, உட்கார ஓரிடம் சரியாக இல்லை. மூன்று மணி நேரம் முன்னால் போனால் தாராளம், அவரிடம் பேசும்போதே புறப்படும் நேரத்தைக் கறாராகச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் இஷ்டம்தான்.

மார்கழி, தை மாதத்தில் இதே வேன் ஐயப்பசாமிகளுக்கு. அப்போது முன்பதிவு கிடைப்பது கஷ்டம். இந்தியாவுக்குள் விமானம் மாறிப் போகிறவர்களுக்கு அண்ணனிடம் தேங்காய்க் கணக்கும் இருக்கிறது: கொப்பரையில் எண்ணெய், தீப்பிடிக்கும் என்று விடமாட்டார்கள், இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுபோக 2024 சீசனில் 2025 ஜனவரி 20 வரை மட்டும் அங்கே சலுகை கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கிளம்பச் சொல்கிறார். சப்பாத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் புதுச் செய்தியோடுதான் இருக்கிறார்.

மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஏசிக்கும் காத்திருப்புக்கும் ஒன்று குறைத்தேன். பராட்டாவுக்கு இன்னொன்று குறைத்திருக்கலாம், பாவம்.

தம்பி உள்ளே நுழையும்போதே முதல் ஸ்கேன், பெட்டியும் கைப்பையும் போய் வந்தன, ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று கை காட்டினோம். பாதி வழி திரும்பி வரும்போது போன் எடுத்தான், கேட்டுக்குப் போகும் இரண்டாவது சோதனையில் கைப்பையை நிறுத்திவிட்டார்களாம். உள்ளே கித்துள் பாணி. எப்படி? அண்ணன்தான் கீழே வைத்தாரே? நான் அம்மாவைப் பார்த்தேன், அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். விமானத்தில் ரொட்டியைப் பாணி இல்லாமல் வெறுமனே எப்படிச் சாப்பிடுவான் என்று, கிளம்பும் நேரத்தில் எங்கள் யாருக்கும் தெரியாமல் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி கைப்பைக்கு மாற்றியிருக்கிறார். அண்ணன் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை, பாட்டைக் கொஞ்சம் குறைத்துவிட்டுச் சொன்னார்:

"அடுத்த தடவ ரெண்டு போத்தல் கட்டுங்கக்கா. ஒண்ணு பெட்டிக்குள்ள தம்பிக்கு, ஒண்ணு கையில அவங்களுக்கு."